கட்டையில் ஒரு கொத்துக்கடை

லெகோ மனிதர்களுக்குப் பசி கிடையாது. இருந்தால் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சிரிக்க மாட்டார்கள். 1978இல் டென்மார்க்கில் பிறந்த அந்த நாலு சென்ரிமீட்டர் மஞ்சள் மனிதனுக்கு 1989 வரை ஒரே முகம்தான்: இரண்டு புள்ளி, ஒரு புன்னகை. பிறகு கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். மீசை வந்தது, ஒற்றைக்கண் வந்தது, போகப்போகக் கோபமும் வந்தது. ஆனால் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு ஏழு மணிக்குக் கொத்துக்குச் சொல்லிவிட்டு, பசறைக்குப் போகிற கடைசி பஸ்ஸையும் ரொட்டிக் கல்லையும் மாறி மாறிப் பார்க்கிறவரின் முகம் இன்னும் வரவில்லை.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று எங்கள் வீதியில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. அக்கா மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். அவனுடைய பிள்ளைகள் வளர்ந்து கட்டையைக் கைவிட்டதும், இரண்டு வாளி நிறைய அள்ளி, "மாமா, பேரப்பிள்ளைகளுக்கு வச்சிக்குங்க" என்று அனுப்பிவிட்டான். எனக்குப் பேரப்பிள்ளைகள் இன்னும் இல்லை. அவர்கள் வந்து சேரும்வரை கட்டைகள் சும்மா கிடந்து பழுதாகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாகிவிட்டது. போதாத கட்டைகளைக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கிலோக் கணக்கில் வருவித்தேன். அவை சீனத்துக் கட்டைகள். லெகோ தன் கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28ஆம் திகதி. அதெல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. இனி அந்தக் குமிழ்கள் எங்கள் வியாபாரச் சின்னம் என்று தடுக்கவும் முடியாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. ஆகவே ஒரே சுவரில் டென்மார்க்கும் சீனாவும் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. சீனாவை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பூட்ட வேண்டும்.

வாளிக்குள் ஒரு புத்தகமும் கிடந்தது. 2014இல் வந்த 'பாரிஸ் உணவகம்' என்ற பெட்டியின் செய்முறை, 2,469 துண்டுகள். பாதித் துண்டுகள் காணாமல் போயிருந்தாலும் படங்கள் இருந்தன. வாசலில் ஸ்கூட்டர், பூந்தொட்டி, வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர், மேல்மாடியில் ஓவியர். சாப்பாட்டுக்கடைக்கு மேலே ஓவியர் குடியிருப்பது பாரிஸ் வழக்கமாக இருக்கலாம். எங்கள் ஊரில் சாப்பாட்டுக்கடைக்கு மேலே ரியூஷன் வகுப்பு இருக்கும். கீழே கொத்து, மேலே கூட்டு வட்டி. பல வருஷம் அப்படியொரு மேல்மாடியில் நின்று பகுபத உறுப்பிலக்கணம் நடத்தியவன் நான். வெங்காயம் வதங்கும் வாசனையில் பகுதி, விகுதி, இடைநிலை எல்லாம் கரைந்து போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே பாரிஸைக் கட்டுவதில்லை, அந்தக் கடையைத்தான் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

தகராறு தரையிலேயே தொடங்கியது. லெகோ உலகம் தட்டையானது. அடித்தட்டு என்கிற பச்சைத் தகடு 32 குமிழ் நீளம், 32 குமிழ் அகலம்; ஏறத்தாழப் பத்து அங்குலச் சதுரம். அதன்மேல் பாரிஸைக் கட்டலாம், நியூயோர்க்கைக் கட்டலாம், ஊவாவைக் கட்ட முடியாது. எங்கள் மாகாணத்தில் கொஞ்சம் சமதரை அகப்பட்டால் பையன்கள் உடனே விக்கெட் நட்டுவிடுவார்கள். கடை கட்டுகிறவருக்குச் சரிவுதான் மிஞ்சும். அதனால் வீதியில் நின்று பார்த்தால் ஒரு மாடியாகத் தெரிகிற கட்டடம், பின்னால் இறங்கிப் பார்த்தால் மூன்று மாடியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். குசினி ஒரு மாடி கீழே. விறகும் காலிப் போத்தலும் அதற்கும் கீழே. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று முதலாளியே போய்ப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மெல்லிய தட்டு ஒன்று உண்டு, 3.2 மில்லிமீட்டர். வீதியை நாலு குமிழுக்கு ஒரு தட்டு என்று உயர்த்திக்கொண்டே போனேன். பத்துக்கு ஒன்று ஏற்றம். எங்கள் த்ரீவீல்காரர்கள் இதை ஏற்றம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் கடைக்குள்ளே மேசை சமமாக நிற்க வேண்டுமே! ஆகவே இடது மூலையில் வீதியும் கடையும் ஒரே மட்டம். வலது மூலையில் வீதி ஓர் ஆளின் இடுப்பளவு உயரத்தில் போகிறது. அந்தப் பக்க மேசையில் உட்கார்ந்தால் ஜன்னலில் தெரிவதெல்லாம் போகிற வருகிறவர்களின் கால்கள். பதுளையில் இப்படிப்பட்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உள்ளே போவோம். அளவுக் கணக்கில் பார்த்தால் லெகோ மனிதன் நம்மில் நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. ஒரு குமிழின் அகலம் 8 மில்லிமீட்டர். அதை நாற்பத்திரண்டால் பெருக்கினால் ஓர் அடிக்கு மேலே வரும். அதாவது என் கடைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கிற ரோல்ஸ் ஒவ்வொன்றும் ஓர் அடி. உளுந்து வடை, சைக்கிள் பெடலைவிடப் பெரிது. டவுனில் ரோல்ஸ் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டு வருகிற காலத்தில் ஓர் அடி ரோல்ஸ் விற்கிற ஒரே கடை என்னுடையதுதான். லெகோவில் பிரெஞ்சுக்காரரின் குரோசோன் இருக்கிறது; அதைப் பழுப்பு நிறத்தில் தேடியெடுத்துக் கிம்புலா பணிஸ் என்று வைத்தேன். மேலே சீனி தூவ வழியில்லை. முதலையின் முகம் மட்டும் ஓரளவு வந்திருக்கிறது.

மேசைக்குச் சோட்டீஸ் வைப்பது எங்கள் நாட்டுக் கடைகளின் தனி வழக்கம். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பெட்டிஸ், வடை கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்; எழும்பும்போது மிச்சத்தை எண்ணிக் காசு. நம்பிக்கையின் மேலே நடக்கிற வியாபாரம் என்று வெளிநாட்டுக்காரர்கள் மெச்சுவார்கள். நம்பிக்கை ஒன்றுமில்லை, வெயிட்டரின் ஞாபக சக்திதான்.

பீங்கான் விஷயத்தில்தான் எனக்குப் பெருமை. நம்முடைய கடைகளில் பீங்கானின் மேலே ஒரு லஞ்ச் ஷீட் விரித்துத்தானே சோறு போடுவார்கள்? வெள்ளை வட்டத்தின்மேல், உள்ளே தெரிகிற இன்னொரு வட்டத்தை வைத்துப் பூட்டி, அதன்மேல் கறியைப் பூட்டினேன். கிட்டக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் பேப்பரைச் சதுரமாக வெட்டிக் கைதுடைக்க வைத்திருக்கிறேன். அது நிஜப் பேப்பர், மரண அறிவித்தல் பக்கம். கடைகளிலும் அந்தப் பக்கம்தான் அதிகமாக வரும்.

பிளேன்டீக்கு எந்த நிறம் என்பதில் அயலில் பெரிய சண்டையே நடந்தது. ஒளி ஊடுருவும் செம்மஞ்சள் துண்டை நான் வைத்திருந்தேன். ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது ஆகஸ்ட் மாசத்துத் தேயில நெறமுங்க, சேர். டவுன் கடைக்கு இது எப்பிடி வந்துச்சு?"

அவர் சொன்னது சரி. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும்போது ஊவாக் கொழுந்துக்கு ஒரு மணம் ஏறும். உலகத்தில் அதற்கென்றே விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேயிலை எங்கள் மலையிலிருந்து இறங்கிக் கொழும்பு ஏலத்துக்குப் போய்க் கப்பலேறிவிடும். டவுன் கடையில் நாம் குடிப்பது டஸ்ட். ஐயாவின் கட்டளைப்படி செம்மஞ்சளைக் கழற்றிவிட்டுக் கடும் பழுப்பை வைத்தேன். "இப்ப சரி. இதுல ரெண்டு கரண்டி சீனி போட்டாத்தான் குடிக்கலாம்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

காசு மேசையில் உட்காரும் முதலாளிக்கு முகம் தேடியது தனிக்கதை. சிரிக்கக்கூடாது, கோபப்படவும் கூடாது. ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டுகிறவரைப் பார்க்கிற முகம் வேண்டும். பொலிஸ்காரர், தீயணைப்பாளர், விண்வெளி வீரர் என்று வாளியிலிருந்த தலைகளையெல்லாம் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு சிறைக் கைதியின் தலை அப்படியே பொருந்தியது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வேறொரு குறை சொன்னாள். "இங்க பாருங்க, சாமிப் படம் இல்லாத கடையில யாருங்க சாப்புடுவாங்க?" நியாயம்தான். லாச்சிக்கு மேலே முருகன், பக்கத்தில் புத்தர், கீழே சிவப்பு பல்ப். கதிர்காமம் நம்முடைய ஊவா மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது. முருகனைப் போடாமல் விட்டால் எல்லை தாண்டவே விடமாட்டார்கள்.

இனிக் கொத்து. கொத்து முதலில் காதுக்குத்தான் வரும். இருட்டில் மழையில் வந்திறங்குகிறவர் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிப்பார். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகப் பூட்டலாம் என்று கணித மேதைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு விதம்கூட 'டக டக' என்று சத்தம் போடாது.

லெகோ மனிதனின் கை தோளில் சுழலும், மணிக்கட்டில் திருகும், அவ்வளவுதான். முழங்கை இல்லை. கொத்துக்கு வேண்டியது மடங்குகிற மணிக்கட்டு. ஆகவே ஆளை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தேன். கறுப்பு ஓடுகளால் ரொட்டிக் கல். அதற்கு அடியில் ஓர் அச்சு. அச்சில் முட்டை வடிவச் சக்கரங்கள் இரண்டு. வெளியே ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் மாறி மாறி அடியிலிருந்து கல்லைத் தட்டும். மேலே நிற்கிறவரின் கையிலிருக்கிற சாம்பல் நிறத் தகடுகள் அந்த அதிர்ச்சியில் குதிக்கும். கல்லின்மேல் ரொட்டிக்கு வெளிர்மஞ்சள், கரட்டுக்குச் செம்மஞ்சள், வெலிமடை லீக்ஸுக்குப் பச்சை, முட்டைக்கு வெள்ளை; எதையும் பூட்டவில்லை, அப்படியே கொட்டிவைத்தேன். சுற்றும்போது துள்ள வேண்டுமல்லவா?

டவுனில் கொத்துப் போடுகிற தம்பி ஒருவர் பார்க்க வந்தார். என்னிடம் ஓ.எல். வரை படித்தவர், தமிழுக்கு என்ன எடுத்தார் என்பது இப்போது தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கேட்டார். முகம் சுருங்கியது.

"சேர், இது கொத்து இல்லிங்க. வெறகு பொளக்கிற மாதிரி கேக்குது."

குசினிக்குள் போய் இரண்டு தோசைக் கரண்டியை எடுத்து வந்து மேசையில் போட்டுக் காட்டினார். வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு ஓட்டம், நடுவில் எல்லாவற்றையும் கூட்டிக் குவிக்கிற ஓர் இழுவை, பிறகு ஒரு நிறுத்தம். "இந்த எடத்துலதான் முட்ட ஊத்துவோம்." அந்த நிறுத்தத்தை நான் அதுவரை கவனித்ததேயில்லை. முட்டை ஊற்றுகிற இடைவெளியில்தான் சத்தமும் ஆறுகிறது. சக்கரத்தை மூன்றாக்கி, முட்டைக்கு இடம் விட்டேன். மறுபடி சுற்றிக் கேட்ட தம்பி, "இப்ப பசிக்குது" என்றார். பரீட்சையில் நான் யாருக்கும் இவ்வளவு தாராளமாகப் புள்ளி போட்டதில்லை.

பெயர்ப்பலகை இல்லாமல் கடையா? எங்கள் ஊரில் பலகை என்றால் மூன்று மொழி: மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். ஆங்கில எழுத்துத் துண்டு விற்பனைக்குக் கிடைக்கிறது. சிங்களம் முழுவதும் வளைவு. சதுரக் கட்டையிடம் அதைக் கேட்பது அநியாயம். தமிழில் ப, ட இரண்டும் கட்டைக்கென்றே பிறந்த எழுத்துக்கள். ஆனால் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. 'பப்படம்' என்று வைக்கலாம் என்றால் கடைசி எழுத்து சுழித்துக்கொண்டு நிற்கிறது. பதுளை என்று எழுதப் போனால் ப போட்டதும் பலகை முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒட்டுப் பேப்பரில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினேன்: 'சோறு, கொத்து, சோட்டீஸ்.' பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குறை சொன்னார்கள். பலகையில் தமிழ் பிழையில்லாமல் இருக்கிறதாம், நிஜமாக இல்லையாம். சிவப்புப் பேனா பிடித்தே தேய்ந்த கையால் 'சேறு, கொத்து' என்று நானே மாற்றி எழுதினேன். அதன் பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை.

வீதிக்கு நான் எடுத்துக்கொண்ட நாள் 10ஆம் திகதி, தோட்டங்களில் சம்பள நாள். அன்று பின்னேரம் பசறை, மடுல்சீமை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு இறங்குகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? லொத்தர்ச் சீட்டுக் கூண்டு, வெற்றிலைக் கடை, பழைய சாமான்காரர், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு ரோல்ஸுக்குக் காசு எண்ணுகிற அப்பா, எல்லாம் ஒரே பத்தடிக்குள். லெகோப் பட்டணங்களில் மனிதர்கள் எட்டடி இடைவெளி விட்டு நிற்பார்கள். நான் இருந்த ஆட்களையெல்லாம் ஒரே நடைபாதையில் இறக்கினேன். நாய்களை நடுவீதியில் படுக்கவைத்தேன். த்ரீவீல் ஒன்று சூன்பாண் வண்டி. அது பீத்தோவன் 1810இல் எழுதிய மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்கிறது. வியன்னாவில் அந்த மெட்டைக் கேட்டால் கச்சேரி ஞாபகம் வரும், நமக்குப் பாண்.

பஸ்தான் கட்டுவதற்குச் சுலபமாக இருந்தது. சிவப்பு லேலண்ட், இடது பக்கம் ஒரு தட்டு குறைத்துவிட்டேன், சரிந்து நிற்கிறது. லெகோ மனிதனின் கை மூன்று மில்லிமீட்டர் சொச்சம் தடிப்பான கம்பியைத்தான் பிடிக்கும். ரொட்டி பிய்க்க முடியாது, குடை விரிக்க முடியாது, வணக்கம் சொல்ல முடியாது. ஆனால் புட்போட்டில் நின்று கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள்! வளைவில் பஸ்ஸைச் சாய்த்தால்கூட விடமாட்டான். அந்தக் கையை வடிவமைத்தவர் எங்கள் மலையில் ஒருமுறையாவது பஸ்ஸேறியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பின்னணிக்கு மலை வேண்டும், மலையில் லயம் வேண்டும். நான் பிறந்தது அப்படியொன்றில்தான். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. கணக்குப் போட்டால் ஒன்பது குமிழ் அகலம், பதினொரு குமிழ் நீளம். லெகோ மனிதனைப் படுக்கவைத்தால் ஐந்து குமிழ் நீளம், கையோடு சேர்த்து மூன்று குமிழ் அகலம் பிடிப்பான். மூன்று பேரைத் தலைமாட்டிலும் மூன்று பேரைக் கால்மாட்டிலும் கிடத்தினேன். காம்பரா நிறைந்துவிட்டது. அடுப்புக்கு இடமில்லை. இஸ்தோப்புக்குத் தள்ளினேன். எங்கள் வீட்டிலும் அடுப்பு இஸ்தோப்பில்தான் இருந்தது. ஏன் என்று அன்றைக்குத்தான் கணக்கோடு விளங்கியது. ஆறு பேரும் சிரித்துக்கொண்டே படுத்திருந்தார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தலைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஏங்க சேர், ஒன்பது வளைவுப் பாலத்தக் கட்டலியா?" கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும், இரும்பே இல்லாமல், 1921இல் அதை ஒருமுறை கட்டியாகிவிட்டது. ரயில் போகிறது, படமெடுக்கிறார்கள், போதும். தெமோதரையில் ரயில் தன்னுடைய ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகிற அதிசயத்தையும் கட்டச் சொல்கிறார்கள். 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த அந்த ரயிலில் ஏறி உலகமே இங்கே வருகிறது. வந்திறங்கிப் பாலத்தைப் படமெடுத்துவிட்டுப் பசியோடு ஒரு கொத்துக்கடையில்தான் உட்காருகிறது. அந்தக் கடையை ஒருவரும் படமெடுப்பதில்லை.

வேலை இன்னும் முடியவில்லை. லயத்துக்குக் கூரை பாக்கி. துருப்பிடித்த தகரத்துக்குச் செம்பழுப்புக் கட்டைதான் தோது. அந்த நிறத்தில் வந்த பழைய லெகோ கட்டைகள் கழற்றும்போது படக்கென்று உடைந்துவிடும் என்று கட்டைப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் இருந்ததும் பாதி போய்விட்டது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து, வாளி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தால், செம்பழுப்பை மட்டும் பொறுக்கிப் பதுளைக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. லயத்துக் கூரை ஒழுகத்தானே வேண்டும்.